மூன்று விநாடி தரிசனம்

மோட்டார் பந்தயம் என்று பேச்சை எடுத்தால் நம் வீட்டுப் பெண்மணிகள் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்த விஷயந்தான். "தெருவில் போகிற மோட்டார் மேலே வந்து மோதாமல் வீடு வந்து சேருவதே பெரும்பாடாக இருக்கிறது. இதைப் பணம் கொடுத்து வேறு போய்ப் பார்க்க வேண்டுமாக்கும்!" என்பார்கள். நியாயமான பேச்சு. அதை மறுத்து வாதாடப் போவதில்லை. ஆனால், அந்தப் பந்தயங்களைப் பார்க்கப் போகிற ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஜனவரி மாதம். பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைச் சரிவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. பாதை ஓரமெல்லாம் பனி. பிற்பகலிலேயே காரைக் கீழே நிறுத்திவிட்டு, கம்பளியும் பிளாஸ்க்கும் ரொட்டிப் பொட்டலமுமாக ஜனங்கள் மேலே ஏறி வந்து இடம் பிடித்திருக்கிறார்கள். தாத்தா இருக்கிறார், பேரன் இருக்கிறான், கைக்குழந்தையைப் போர்வைக்குள் சுருட்டி வைத்திருக்கும் தாயாரும் இருக்கிறார். நான்கு மணி, ஐந்து மணி, ஆறு மணி. இருட்டிவிட்டது. விரல் நுனி மரத்துப் போகிறது. திடீரென்று பள்ளத்தாக்கில் எங்கேயோ ஓர் உறுமல். மரங்களின் மேல் வெளிச்சம் தடவிக்கொண்டு ஓடுகிறது. "வருகிறது, வருகிறது!" என்கிறார்கள். வந்தது, பக்கவாட்டில் வழுக்கியது, பனித்தூளை வாரி முகத்தில் அடித்தது, போய்விட்டது.

மூன்று விநாடி!

"அவ்வளவுதானா?" என்று கேட்கிறீர்களா? அவ்வளவுதான். அடுத்த வண்டி வருவதற்குச் சில நிமிஷம் ஆகும். இதற்காகவா இத்தனை பாடு என்று அந்தத் தாத்தாவைக் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் இரவெல்லாம் கண் விழித்து நிற்கிறவர்களிடம் போய், "எத்தனை விநாடி பார்த்தீர்கள்?" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான். தரிசனத்தைக் கடிகாரம் வைத்து யாரும் அளப்பதில்லை.

இந்தப் பந்தயங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ராலி. காடு, மலை, கிராமம் என்று சாதாரண ஜனங்கள் போகிற பாதைகளை அடைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஓட எத்தனை நேரம் என்று கணக்கெடுத்து, மூன்று நான்கு நாளில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து வெற்றி தோல்வி சொல்வார்கள். இந்தத் துண்டுக்கு ‘ஸ்டேஜ்' என்று பெயர். இன்னொன்று நெடுநேரப் பந்தயம். ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி ஆறு மணி நேரமோ, இருபத்து நான்கு மணி நேரமோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டிலும் வேகம் மட்டும் போதாது. கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

வருஷம் முழுவதும் இந்தப் பந்தயங்களின் பின்னாலேயே ஊர் ஊராகச் சுற்றுகிற ரசிகர்கள் உண்டு. நாமும் ஒரு ஆறு மாதம் அவர்களோடு போய் வருவோம். பெட்டியில் கம்பளியும் வேண்டும், பருத்தியும் வேண்டும். மழைச் சட்டையை மறக்க வேண்டாம்.

பனி மலையில்

நாம் நின்றுகொண்டிருந்த வளைவு மான்டி கார்லோ ராலியைச் சேர்ந்தது. ராலிகளிலெல்லாம் மூத்தது என்று இதைச் சொல்லலாம். 1911-ஆம் வருஷம் ஆரம்பமாயிற்று. குளிர்காலத்தில் மொனாக்கோவுக்குப் பணக்காரர்களை வரவழைக்க வேண்டும் என்பது உத்தேசம். ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து கிளம்பி அவரவர் காரில் மொனாக்கோ வந்து சேர வேண்டும். அந்த முதல் வருஷத்தில், வந்து சேர்ந்த காரின் அழகுக்கும், உள்ளே உட்கார்ந்து வந்தவர்களின் சௌகரியத்துக்கும்கூட மார்க்குப் போட்டார்களாம்! மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி வந்து இறங்கியிருக்க வேண்டும்.

இப்போது அந்த விளையாட்டெல்லாம் இல்லை. 1,607 மீட்டர் உயரத்தில் டூரீனி என்று ஒரு கணவாய். அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு பக்கம் வெயில் பட்டுப் பாதை காய்ந்து கிடக்கும். மறுபக்கம் நிழலில் கண்ணாடி போல் பனி உறைந்திருக்கும். காய்ந்த பாதைக்கு ஒரு டயர், பனிக்கு ஆணி பதித்த டயர். இரண்டையும் ஒரே சக்கரத்தில் மாட்ட முடியுமா? முடியாது. ஆகையால் பந்தய வண்டி கிளம்புமுன் அதே பாதையில் வேறொரு காரில் அனுபவஸ்தர்கள் போய், எந்த வளைவில் பனி, எங்கே ஈரம் என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தக் குறிப்பை நம்பித்தான் ஓட்டுநர் டயரைத் தேர்ந்தெடுக்கிறார்.

குறிப்பு என்றதும் ஒரு விஷயம். ராலி வண்டியில் எப்போதும் இரண்டு பேர். ஓட்டுகிறவர் ஒருவர், மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர் ஒருவர். இவருக்கு நேவிகேட்டர் என்று பெயர். பந்தயத்துக்கு முன் இருவரும் அந்தப் பாதையில் இரண்டு தடவை மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் எழுதிக்கொள்வார்கள். பந்தயத்தன்று, "நூறு மீட்டர், வலது நாலு, மேடு, உடனே இடது இரண்டு, வெட்டாதே, உள்ளே கல்" என்று நேவிகேட்டர் மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போவார். மேட்டுக்கு அப்பால் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. காதில் விழுந்த சொல்லை நம்பி, கால் எடுக்காமல் போகிறார். ராலி வண்டியைப் பாதி கண்ணாலும் பாதி காதாலும் ஓட்டுகிறார்கள். ஒரு வரி தவறிப் படித்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. பேச்சை நம்பி நடக்கும் குடித்தனம் இது!

பார்க்க வந்தவர்கள் சும்மா இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. டூரீனி கணவாயில் பாதை காய்ந்திருந்தால் வேடிக்கை குறைந்துவிடுகிறது என்று, ரசிகர்களே ஓரத்துப் பனியை வாரி வாரிப் பாதையில் போட்டிருக்கிறார்கள். வண்டி வழுக்கினால் கைதட்டல். வழுக்குகிற வண்டிக்குள் இரண்டு உயிர் இருக்கிறது என்பது அந்தச் சமயத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மறுபடியும் இதற்கு வருவோம்.

மான்டி கார்லோவின் கதைகளில் ஒன்று இது. 1966-ல் முதல் மூன்று இடங்களில் வந்தவை மினி கூப்பர் என்னும் குட்டி ஆங்கிலேயக் கார்கள். ஆனால், முன்விளக்கு விதிப்படி இல்லை என்று அவற்றை நீக்கிவிட்டார்கள்! பரிசு, சிட்ரோயன் காரில் வந்த பவுலி டொய்வோனன் என்ற பின்லாந்துக்காரருக்குப் போயிற்று. தாம் ஜெயிக்காத பந்தயத்தின் கோப்பை அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. சரியாக இருபது வருஷம் கழித்து, 1986 ஜனவரியில், அவருடைய மகன் ஹென்றி டொய்வோனன் அதே மான்டி கார்லோவில் ஜெயித்தார். இந்தத் தடவை யாரும் குறை சொல்ல முடியாத வெற்றி. தகப்பனார் மனத்திலிருந்த முள்ளை மகன் எடுத்துவிட்டான் என்று ஊரே பேசிற்று. இதுவும் மே மாதம் வரை இருக்கட்டும்.

கரிசல் சேற்றில்

கம்பளியைப் பெட்டிக்குள் வையுங்கள். மார்ச் மாதம் வந்துவிட்டது. இப்போது நாம் இருப்பது ஆப்பிரிக்காவில், கென்யாவில். நைவாஷா ஏரிக்கரை. பாதைக்கு அந்தப் பக்கம் வரிக்குதிரைகள் மேய்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையோடு வேலி ஓரத்தில் நிற்கிறார்கள். எரிமலைச் சாம்பல் கலந்த புழுதி, திருநீறு போல் அத்தனை நைஸ். வண்டி வந்து போனால் பத்து நிமிஷத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. மழை பெய்துவிட்டாலோ, அதே பாதை ஓடையாகிவிடும். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விடவேண்டும் என்று, வண்டியின் முன்கண்ணாடி ஓரமாக யானைத் துதிக்கை போல் ஒரு குழாயை மேலே தூக்கி வைத்திருப்பார்கள்.

இதுதான் சஃபாரி ராலி. இங்கிலாந்தின் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய 1953-ஆம் வருஷத்தில் அதைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். அப்போது கென்யா, உகாண்டா, தங்கனிகா மூன்றையும் சுற்றி ஓடிற்று. பாதையை அடைப்பதெல்லாம் கிடையாது. எதிரே பஸ் வரும், மாடு வரும், ஒட்டகச்சிவிங்கியும் வரும். கரிசல் சேற்றில் அச்சுவரை புதைந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 1963-ல் எண்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. முடித்தவை ஏழே ஏழு. 1968-லும் அதே கதை, மறுபடியும் ஏழு. அந்த இரண்டு வருஷமும் முடித்தவர்களில் ஒருவர் நம்மவர். பெயர் ஜோகிந்தர் சிங்.

கென்யாவில் கெரிச்சோ என்ற ஊரில் 1932-ல் பிறந்த பஞ்சாபி. மோட்டார் மெக்கானிக். தலைப்பாகையும் தாடியுமாக ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்த அவரை ‘பறக்கும் சீக்கியர்' என்று பத்திரிகைகள் அழைத்தன. 1965-ல் தம்பி ஜஸ்வந்த் சிங்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஓடிக் களைத்த ஒரு பழைய வால்வோ காரைத் தாமே செப்பனிட்டு ஓட்டி, சஃபாரியை ஜெயித்தார். பெரிய கம்பெனிகளின் புத்தம்புதுக் கார்களெல்லாம் பின்னால் வந்தன. பிறகு 1974-லும் 1976-லும் மறுபடி ஜெயித்தார். ஆனால் ரசிகர்கள் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற கணக்கு வேறு. கலந்துகொண்ட சஃபாரிகள் 22, முடித்தவை 19. பாதிக்கு மேல் வண்டிகள் வழியிலேயே படுத்துவிடுகிற பந்தயத்தில் இது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். மெக்கானிக்குக்கு வண்டியின் முனகல் கேட்கும். எப்போது அடிக்க வேண்டும், எப்போது தட்டிக்கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

இன்னொருவர் ஷேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த குஜராத்தி. 1972-ல் இடி அமீனின் ஆட்சியில் அங்கிருந்து இந்தியர்களை விரட்டியபோது அவர் கென்யாவுக்கு வந்து சேர்ந்தார். மறு வருஷமே, 1973 சஃபாரியில், ஸ்வீடன்காரர் ஹாரி செல்ஸ்ட்ராமும் அவரும் கடைசியில் ஒரே கணக்கில் வந்து நின்றார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் ஒரு நிமிஷ வித்தியாசம்கூட இல்லை! விதியைப் புரட்டிப் பார்த்து மேத்தாவுக்கு வெற்றி என்றார்கள். அதற்குப் பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு வருஷம் அவரே ஜெயித்தார். மொத்தம் ஐந்து. பிற்காலத்தில் பல ராலிகளில் அவருக்கு நோட்டுப் புத்தகம் வாசித்தவர் அவர் மனைவி யுவோன். குடித்தனம் என்று சற்று முன் சொன்னது வெறும் பேச்சல்ல!

2002-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்து விடுபட்டிருந்த சஃபாரி, 2021-ல் திரும்பி வந்தது. இப்போது பாதையை அடைத்துத்தான் ஓட்டுகிறார்கள். தாத்தா காலத்தில் சேற்றில் இறங்கி ஜோகிந்தரின் வண்டியைத் தள்ளிவிட்ட கிராமங்களில், பேரப் பிள்ளைகள் மேட்டில் நின்று பார்க்கிறார்கள்.

மல்லிகைத் தோட்டத்துப் பெண்

மே மாதம் போர்ச்சுகல். யூகலிப்டஸ் காட்டுக்குள் செம்மண் பாதை. வடக்கே ஃபாஃபே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. வண்டி அதில் ஏறியதும் நான்கு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் போகும். அதைப் பார்க்கக் குன்று முழுவதும் ஜனங்கள். முதல் நாள் இரவே வந்து கூடாரம் அடித்து, மீன் சுட்டுச் சாப்பிட்டு, பாட்டுப் பாடி, விடியலுக்குக் காத்திருப்பார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழா தோற்றது போங்கள்.

இந்தப் போர்ச்சுகலில் 1982-ல் முதலாவதாக வந்தவர் ஒரு பெண். சகோதரிகள் நிமிர்ந்து உட்காரலாம்! பெயர் மிஷேல் மூட்டன். வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன கிராஸ் என்ற பிரெஞ்சு ஊரில் 1951-ல் பிறந்தவர். அவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்தவை ரோஜாவும் மல்லிகையும். சட்டம் படிக்கப் போனவர், சிநேகிதர் ஒருவருக்கு நேவிகேட்டராக ராலிக்குள் நுழைந்தார். மகள் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து போவது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? "போகாதே" என்று தடுக்கவில்லை. தாமே ஒரு கார் வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷம் பார்ப்போம், நீயே ஓட்டு என்றார்!

1981-ல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில், ஃபப்ரீசியா போன்ஸ் என்ற இத்தாலியப் பெண் நோட்டுப் புத்தகம் வாசிக்க, ஆடி காரில் மிஷேல் முதலாவதாக வந்தார். உலகப் போட்டி ராலி ஒன்றில் பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. மறு வருஷம் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று ராலிகள் ஜெயித்தார். உலகச் சாம்பியன் பட்டத்துக்கு அவருக்கும் ஜெர்மானியர் வால்ட்டர் ரோர்லுக்கும்தான் போட்டி. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முடிவு தெரிய வேண்டும். பந்தயம் தொடங்கப் போகிற சமயத்தில் ஊரிலிருந்து செய்தி வந்தது. தகப்பனார் இறந்துவிட்டார்.

உடனே திரும்பிப் போகவே மகள் நினைத்தாள். "ஓட்டு, அதைத்தான் அப்பா விரும்பினார்" என்று தாயார் சொன்னார். ஓட்டினார். வெகு தூரம் முன்னணியில் இருந்தார். பிறகு வண்டி பழுதாயிற்று. பிடித்துவிட வேண்டும் என்று விரட்டியதில் விபத்தும் ஆயிற்று. பட்டம் ரோர்லுக்குப் போயிற்று. மிஷேலுக்கு இரண்டாம் இடம். இன்றுவரை வேறு எந்தப் பெண்ணும் அந்த இரண்டாம் இடத்தைக்கூட எட்டவில்லை.

அந்த நாளில் போர்ச்சுகலில் ஜனங்கள் எப்படி நின்று பார்த்தார்கள் என்பதற்குப் படங்கள் இருக்கின்றன. பார்த்தால் வயிறு கலங்கும். பாதை இருக்க வேண்டிய இடத்தில் மனிதத் தலைகள். வண்டி நெருங்க நெருங்கக் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விடும். வண்டி போனதும் கடல் மூடுவது போல் மூடிக்கொள்ளும். ஓடுகிற வண்டியைக் கையால் தொட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்குப் பெருமை. வண்டிகளோ வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக்கொண்டே போயின.

1986 மார்ச் மாதம், லிஸ்பனுக்குப் பக்கத்தில் சின்ட்ராவில், அது நடந்தே விட்டது. பாதையில் நின்ற ஆட்கள் மேல் மோதாமல் ஒதுங்கப் பார்த்த ஓட்டுநரின் கையிலிருந்து வண்டி தவறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டோருக்குக் காயம். பெரிய கம்பெனிகளின் ஓட்டுநர்கள் எல்லோரும் ஒன்று கூடி, இனி இந்த ராலியில் ஓட்ட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு விலகினார்கள்.

இரண்டே மாதம். மே 2-ஆம் தேதி, கார்சிகா தீவில், முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டி வளைவில் பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஹென்றி டொய்வோனனும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும். ஜனவரியில் தகப்பனாரின் மனத்து முள்ளை எடுத்த அதே பிள்ளை. அந்த ஜாதி வண்டிகளை மறு வருஷத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். மிஷேல் மூட்டனும் அந்த வருஷத்தோடு ராலி ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

அவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. ஹென்றியின் ஞாபகார்த்தமாக 1988-ல் ஒரு பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். பிற்காலத்தில் உலக ராலிப் போட்டியின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்று, பல வருஷம் ஊர் ஊராகப் போனார். என்ன வேலை தெரியுமா? பந்தய வண்டிகளுக்கு முன்னால் அதே பாதையில் போய், ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. ஆபத்தான இடத்தில் யாராவது நின்றால் நகரச் சொல்ல வேண்டும். நகராவிட்டால் ஸ்டேஜையே ரத்து செய்யச் சொல்லலாம். ஒரு காலத்தில் மனிதச் சுவருக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியவர், பிறகு அந்தச் சுவரைப் பாதையிலிருந்து விலக்கி மேட்டில் ஏற்றி நிறுத்தினார். அவர் வாங்கிய கோப்பைகளைவிட இந்தக் காரியம் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

இன்றைக்கு ஃபாஃபேயில் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்குப் பின்னால் குன்றின் மேல் ஜனங்கள் நிற்கிறார்கள். உற்சாகத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

இருபத்து நான்கு மணி நேரம்

ஜூன் மாதம் பிரான்ஸின் லெ மான் நகரம். 1923-ல் தொடங்கிய பந்தயம். சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு மாலை 4 மணிவரை நிற்காமல் ஓட வேண்டும். ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் காய்கறி லாரி போகிற சாதாரணச் சாலை. அறுபதுக்கு மேற்பட்ட வண்டிகள். முதலில் வருகிற வண்டி ஒரே நாளில் 5,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவதும் உண்டு. சென்னையிலிருந்து டில்லிக்குப் போய்த் திரும்பி வருவதைவிட அதிகம்! பார்க்க வருகிறவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஊர் ஜனத்தொகையைப் போல் இரண்டு மடங்கு.

இதை நம்மவர்களுக்கு எப்படி விளக்குவது? சிவராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினம் சுற்றுகிறது, தின்பண்டக் கடைகள் இருக்கின்றன, குழந்தைகள் தகப்பனார் தோளில் தூங்குகிறார்கள். நடுநிசியில், இருட்டைக் கிழித்துக்கொண்டு விளக்குகள் மட்டும் வந்து வந்து போகின்றன. மூன்று மணி சுமாருக்குக் கண்ணைச் சுற்றிக்கொண்டு வரும். நான்காம் ஜாமத்தில் விழித்திருப்பவருக்கே பலன் என்பது இங்கேயும் விதி. கிழக்கு வெளுக்கும்போது வண்டிகளைப் பார்த்தால், முதல் நாள் மாப்பிள்ளை மாதிரி பளபளத்தவை எண்ணெயும் பூச்சியும் புழுதியுமாகக் காட்சி தரும். அப்போதுதான் ரசிகர்களுக்கு அவற்றின் மேல் பாசம் பிறக்கிறது.

பெண்களும் இங்கே புதியவர்கள் அல்ல. 1930-லேயே ஓடெட் சிகோ, மார்கரீட் மரூஸ் என்ற இருவர் ஒரு புகாட்டி காரில் ஓடி ஏழாவதாக வந்தார்கள். 1932-ல் ஓடெட் சிகோ நான்காவதாக வந்தார்.

பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்லாமல் லெ மானை விட்டுக் கிளம்ப முடியாது. 1952-ல் தமக்கு மாற்றாக இருந்தவரிடம் வண்டியைக் கொடுக்காமல் தாமே விடாமல் ஓட்டினார். இரவு முழுவதும், காலை முழுவதும், ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரம். எல்லோருக்கும் முன்னால் வெகு தூரத்தில் இருந்தார். கடைசி மணி நேரத்தில் எஞ்சின் உடைந்தது. இப்போது ஒருவரே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள். தனியாகத் தாங்குவது வீரம். பங்கிட்டுத் தாங்குவது விவேகம் என்று தெரிந்துகொண்டார்கள்.

அதே லெவெக் 1955-ல் மறுபடி வந்தார். மாலை ஆறரை மணி சுமாருக்கு, முன்னால் திடீரென்று விலகிய ஒரு வண்டியின் மேல் அவர் வண்டி மோதி, ஆகாயத்தில் கிளம்பி, சிதறிக் கூட்டத்தின் மேல் விழுந்தது. அவரோடு எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். மோட்டார் பந்தயத்தின் சரித்திரத்தில் அதைவிடக் கொடிய நாள் இல்லை. ஸ்விட்சர்லாந்து தன் நாட்டில் இத்தகைய பந்தயங்களையே தடை செய்தது. லெ மானில் அந்த இடத்தை இடித்து, ஜனங்களைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினார்கள். போர்ச்சுகலில் ஜனங்கள் பாதைக்குப் போனார்கள். இங்கே அவர்கள் தங்கள் இடத்தில்தான் நின்றார்கள், பாதை அவர்களிடம் வந்துவிட்டது. பார்க்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு, நடத்துகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று இரண்டு ஊரும் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நல்ல கதையும் ஒன்று இருக்கிறது. ராபர்ட் குபிட்சா என்று ஒரு போலந்துக்காரர். ஃபார்முலா 1 பந்தயத்தில் பேர் வாங்கியவர். ராலிமேல் ஆசை விடவில்லை. 2011 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு சிறு ராலியில் ஓட்டியபோது, பாதை ஓரத்து இரும்புத் தடுப்பு வண்டிக்குள் ஊடுருவி, வலது கையைச் சிதைத்துவிட்டது. கை மிஞ்சியதே டாக்டர்களின் சாமர்த்தியம். பழையபடி அந்தக் கை வளையவில்லை. அதே கையோடு ராலிக்குத் திரும்பினார். பிறகு நெடுநேரப் பந்தயத்துக்கு வந்தார். 2021 லெ மானில் அவரும், ஈஃபே யே என்ற சீன இளைஞரும், இன்னொருவரும் ஓட்டிய வண்டி அதன் பிரிவில் முதலாவதாக இருந்து, கடைசிச் சுற்றில் நின்றுபோயிற்று. கடைசிச் சுற்றில்! நான்கு வருஷம் கழித்து, 2025-ல், அதே குபிட்சா, அதே யே, அவர்களோடு ஃபில் ஹான்சன் என்ற ஆங்கிலேயர். மஞ்சள் நிற ஃபெராரி வண்டி. இந்தத் தடவை மொத்தப் பந்தயத்திலும் முதலிடம். கோட்டைத் தாண்டும்போது ஸ்டீயரிங்கில் இருந்தவர் குபிட்சா.

நம் ஊர்க் கணக்கு

நமக்கும் இந்தப் பந்தயங்களுக்கும் சம்பந்தம் இல்லாமலில்லை. சென்னையில் மோட்டார் பந்தயச் சங்கம் 1953-லேயே ஏற்பட்டது. யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் அந்த நாளில் நடந்த பந்தயங்களைப் பற்றி இன்றும் பழைய ரசிகர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பாதை அமைந்தது. கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009-ல் லெ மானுக்குப் போனார். பந்தயத்துக்குச் சற்று முன்னால் தோள்பட்டை விலகியதால் ஓட்ட முடியாமல் போயிற்று. சென்னைக் கருண் சந்தோக் 2012-ல் லெ மானில் ஓட்டினார். அவர் வண்டி ஆறாவதாக வந்தது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பெற்றபோது, அதுவரை பந்தயம் என்றால் டெலிவிஷனை மாற்றிவிடுகிற எத்தனையோ வீடுகளில் அன்றைக்கு மாற்றவில்லை.

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பணம் கொடுத்துப் போய் எதைத்தான் பார்க்கிறார்கள்? வேகத்தைப் பார்க்க அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. எந்தச் சாலை ஓரத்திலும் பார்க்கலாம். பழைய வண்டியைத் தேற்றி முடித்துவைத்த மெக்கானிக்கையும், தகப்பனாரை இழந்த அன்றே ஸ்டீயரிங்கைப் பிடித்த மகளையும், வளையாத கையோடு விடிய விடிய ஓட்டியவரையும் அந்த மூன்று விநாடியில் பார்க்கிறார்கள். முன்னும் பின்னும் உள்ள கதை தெரிந்தவருக்கு மூன்று விநாடி போதும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை என்றாவது ராலி பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தால் அழைத்துக்கொண்டு போங்கள். மழைச் சட்டை, தண்ணீர், சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் நிற்காதீர்கள். வழுக்குகிற வண்டி அந்தப் பக்கந்தான் வரும். பாதையை விட உயரமான இடமாகப் பார்த்துக் கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள். தூரத்தில் மார்ஷல் விசில் ஊதுவார். வண்டி வருகிறது என்று அர்த்தம். விசில் கேட்டதும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டடி பின்னால் போய்விடுங்கள். அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.